சூப்பர்வைசர் கூப்பிட்டது யாரை?

சேதராப்பட்டில் நான் வேலை பார்ப்பது ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில். மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் நாலு பேர் ஒரே மேஜை. மேஜை என்று மரியாதைக்குச் சொல்கிறேன்; கவிழ்த்துப் போட்ட மரப்பலகை மேல் ஒரு பெரிய அட்டை, அவ்வளவுதான். நாலு டிபன் பாக்ஸும் அதன் நடுவில் திறந்துவைக்கப்படும். யார் வீட்டுக் குழம்பு யார் சோற்றில் விழுகிறது என்று பார்க்கிற வழக்கம் கிடையாது.

என் வீட்டுக்காரர் தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து போட்டில் போகிறவர். என் டிபன் பாக்ஸில் மீன் இல்லையென்றால் அன்றைக்கு எங்களுக்குள் சண்டை என்று மற்ற மூவரும் புரிந்துகொள்வார்கள். கட்டிங் மெஷின் ஓட்டுகிற பாய் என்னைவிடச் சின்னவர், பொறுமைசாலி. ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கிறிஸ்தவர். அவருடைய மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் வீட்டில் தவக்காலத்தைக் கரேம் என்பார்கள், உப்பை எடுத்துக் கொடுத்தால் மெர்சி என்பார்கள். கம்பெனியில் அவருக்குப் பிரெஞ்சக்கா என்றே பேர் ஆகிவிட்டது. நாலாவது ஆள் சூப்பர்வைசர் சார். கடவுள் இல்லை என்று சொல்கிறவர், வாரம் முழுக்கக் கருப்புச் சட்டை போடுகிறவர்.

அந்தச் சட்டையால் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கார்த்திகை மாதம் வந்துவிட்டால் பஸ்ஸில் ஜனங்கள் எழுந்து, “உக்காருங்க சாமி” என்று இடம் கொடுப்பார்கள். ஆரம்பத்தில் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, நான் சபரிமலைக்குப் போகிற ஆளில்லை, சாமியே இல்லை என்கிற ஆள் என்று விளக்கிக்கொண்டிருந்தாராம். இப்போதெல்லாம் உட்கார்ந்துவிடுகிறார். “முட்டி வலிக்குக் கொள்கை புரிய மாட்டேங்குதும்மா” என்றார் என்னிடம்.

அந்த வருஷம் பாயின் நோன்பும் பிரெஞ்சக்காவின் தவக்காலமும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தன. எங்கள் மேஜை ஒரே நாளில் காலியானது. பாய் விடிவதற்கு முன் சாப்பிட்டால் பிறகு பொழுது சாயும்வரை ஒன்றும் கிடையாது. பிரெஞ்சக்கா டீயையும் இனிப்பையும் விட்டுவிட்டார், மதியம் ஒரு வாழைப்பழத்தோடு எழுந்துவிடுவார். மிச்சம் இருந்தது சூப்பர்வைசர் சாரும் நானும்தான். அவர் மட்டும் எப்போதும்போல் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார். எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது. பட்டினி கிடக்கிற மனிதர் பக்கத்தில் சங்கரா மீன் குழம்பைத் திறக்க மனசு வருமா? டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய் அட்டை அடுக்குகளுக்குப் பின்னால் குந்திச் சாப்பிட்டேன்.

பாய் அங்கே வந்து கண்டுபிடித்துவிட்டார்.

“இன்னாக்கா, எலி மாதிரி ஒளிஞ்சுகினு சாப்புடுறீங்க?”

“நீ பசியோட இருப்பியே பாய். வாசனை வரக் கூடாதுன்னுதான்.”

“சங்கரா குழம்பு. பூண்டு கொஞ்சம் தூக்கல். மெஷின்கிட்டயே வந்துடுச்சு” என்றார். “வெளிய வந்து சாப்புடுங்க. நீங்க சாப்புடுறதப் பாத்து ஒடையற நோன்பில்ல இது.”

“தண்ணிகூடக் குடிக்கக் கூடாதா?”

“வருஷா வருஷம் இதையே கேக்குறீங்க.”

“இந்த வருஷம் மாத்தியிருப்பாங்களோன்னு கேட்டேன்.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மேஜைக்கு இழுத்துக்கொண்டு வந்து உட்காரவைத்தார். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரம் பேச்சு நேரமாகிவிட்டது. வாய்க்கு வேலையில்லாத இருவர், வாயில் சோறோடு இருவர். விட்டுப்போன சந்தேகங்களையெல்லாம் கேட்டுத் தீர்த்துக்கொண்டோம். பல் விளக்கலாமா, எச்சில் விழுங்கலாமா என்று நான் பாயைக் கேட்டேன். நீங்கள் தீ மிதிக்கும்போது யாராவது முன்கூட்டியே தண்ணீர் ஊற்றிவைப்பார்களா என்று பிரெஞ்சக்கா என்னைக் கேட்டார். எங்கள் தெருவில் மிதித்த காலை வேண்டுமானால் கூட்டிவந்து காட்டுகிறேன் என்றேன்.

ஒரு விஷயம்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பிரெஞ்சக்கா சொன்னார், வெள்ளிக்கிழமை அவர்களுக்குக் கறி ஆகாது, ஆனால் மீன் சாப்பிடலாமாம்.

“மீன் கறியில்லையா?” என்றேன்.

“இல்லம்மா. அது வேற, இது வேற.”

“அக்கா, அது கண்ணு முழிச்சுகினு துள்ளுது. ரத்தம் வருது. எங்க வீட்டுக்காரர் அதுக்காக நாலு நாள் கடல்ல கெடக்குறாரு. அது இன்னா கத்திரிக்காயா?”

“எங்க சபையில அப்படித்தான் சொல்லியிருக்காங்க. நா எதுத்துப் பேச முடியுமா?”

“எதுத்துப் பேசாதீங்க. எனக்கு இந்தச் சட்டம் ரொம்பப் புடிச்சிருக்கு. இதுப்படி பாத்தா எங்க குப்பத்துல பொறந்ததுலேர்ந்து எல்லாரும் வெரதம்தான்.”

பாய் சிரித்தார். நோன்பு நேரத்தில் அதிகம் சிரித்தால் தொண்டை காயும் என்று எழுந்து போனார். சூப்பர்வைசர் சார் மட்டும் சிரிக்கவில்லை. மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டே ஒரு பிரகடனம் செய்தார்.

“இதுல சாமிக்கு என்ன வேல? வயித்த ஒரு நாள் காயப்போடறதுக்கு மன உறுதி இருந்தாப் போதும். ஒரு சாமியும் இல்லாம நா இருந்து காட்டறேன். வர்ற வெள்ளிக்கெழம. பாய் மாதிரியே, தண்ணிகூட இல்லாம.”

நாங்கள் அவரைப் பார்த்தோம். அவர் காலையில் வரும்போது ஒரு டீ, பத்து மணிக்கு ஒரு டீ, டீ வருவதற்கு முன்னால் டீ எங்கே என்று ஒரு சத்தம் என்று வாழ்கிறவர்.

திரும்பி வந்த பாயிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. பிறகு கொஞ்சம் கவலையானது. “நிய்யத்து வெக்கணும் சார். எதுக்காக இருக்குறோம்னு மனசுல நெனச்சுக்கணும்.”

“என் நிய்யத்து விஞ்ஞானம்” என்றார் சூப்பர்வைசர் சார்.

வெள்ளிக்கிழமை காலை சூப்பர்வைசர் சார் எல்லோருக்கும் முன்னால் வந்து வாசலில் நின்றார். பாய் வந்ததும் முதல் வேலையாக அவரைக் கேட்டார்.

“சார், சஹருக்கு எழுந்து சாப்டீங்களா?”

“அலாரம் வெச்சேன்.”

“வெச்சு?”

“அது அடிச்சுது. வீட்ல எல்லாரும் எழுந்துட்டாங்க. என்னத் தவிர.”

பாய் பதறிப்போனார். ராத்திரிச் சாப்பாட்டோடு அப்படியே வந்துவிட்டாரே. வேண்டாம் சார், இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம், முடியாதவர்களை எங்கள் மார்க்கமே வற்புறுத்துவதில்லை என்று எவ்வளவோ சொன்னார். “ஒங்க மார்க்கத்துல எரக்கம் இருக்கலாம் பாய். விஞ்ஞானத்துல கெடையாது” என்று சொல்லிவிட்டு சார் உள்ளே போனார்.

பத்து மணிக்கு டீ வந்தது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பதினோரு மணிக்கு ஓரம் சரியாக ஒட்டாத ஒரு பெட்டிக்காக என்னைத் திட்டினார். அது வேறு கம்பெனியிலிருந்து வந்த பெட்டி. மதியம் ஜும்மா தொழுகைக்குப் புறப்பட்ட பாய், எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டு, “சாரப் பாத்துக்குங்க. பேச்சுக் குடுக்காதீங்க, வெயில்ல வுடாதீங்க” என்று குழந்தையை ஒப்படைப்பதுபோல் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

ஆளுக்கொரு வைத்தியம் செய்தோம். பிரெஞ்சக்கா, “பசி வர்றப்ப அத உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக ஒப்புக்குடுத்துடுங்க சார். லேசாயிடும்” என்றார்.

“அவங்க யாரு?”

“செத்துட்டு, இன்னும் மோட்சத்துக்குப் போவாம நடுவுல காத்திருக்கறவங்க.”

“வரிசையில நிக்கிறாங்களா?” என்று கேட்டுவிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டே, “அங்க சாப்பாடு உண்டா?” என்றார்.

நான் என் பங்குக்கு, எங்கள் பக்கம் கூழ் ஊற்றும் திருவிழாவில் காப்புக் கட்டினவர்கள் ஈரத்துணியை வயிற்றில் சுற்றிக்கொள்வார்கள் என்று சொன்னேன். அப்படி யாரும் சுற்றிக்கொண்டு நான் பார்த்ததில்லை; ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் நிஜமாகவே கைக்குட்டையை நனைத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். கருப்புச் சட்டையில் தண்ணீர் பரவியது. அன்றைக்கு நானும் என் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. நெத்திலி வறுவல் இருந்தது. அந்த முகத்துக்கு முன்னால் அதைத் திறந்தால் பாவம் யாருடைய கணக்கில் ஏறும் என்று தெரியவில்லை.

சாயங்கால டீயோடு மசால்வடை வந்தது. வாரத்தில் எல்லா நாளும் பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்கிற டீக்காரப் பையன், அன்றைக்கென்று பார்த்து சுடச்சுட மசால்வடை கொண்டுவந்தான். சோம்பு வாசனை கம்பெனி முழுக்க நடந்துபோனது. அட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் சார் விருட்டென்று எழுந்தார். எழுந்த வேகத்தில் தலை சுற்றியது. தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வாய்விட்டுக் கத்தினார்.

“அப்பனே!”

மெஷின்கூட ஒரு நொடி நின்றதுபோல் இருந்தது. தொழுதுவிட்டு வந்திருந்த பாய், பிரெஞ்சக்கா, நான் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் அவரை உட்காரவைத்து விசிறினோம். அவர் தெளிந்ததும் பிரெஞ்சக்கா மெதுவாக ஆரம்பித்தார்.

“சார் கடைசீல கூப்புட்டுட்டாரு.”

“யார?” என்றார் சார்.

“பரலோகத்துல இருக்கற பிதாவ. பிதான்னா அப்பன்தான சார்.”

விட்டுவிட எனக்கு மனசில்லை. “அக்கா, பிதாவேன்னு கூப்புட்டிருந்தா ஒங்களுது. அப்பனேன்னு மொட்டையா கூப்புட்டா அது முருகன்தான். எங்க தெருவுல யார வேணா கேளுங்க.”

“நாங்களும் அப்பான்னு சொல்லி ஜெபம் பண்ணுவோம்.”

“அப்பான்னுதான? இவரு அப்பனேன்னாரு. அந்த ‘னே’ எங்களோடது.”

தீர்ப்புக்கு இருவரும் பாயைப் பார்த்தோம். பாய் இரண்டு கையையும் விரித்தார். “நாங்க இறைவன அப்பான்னு கூப்புடறதில்லக்கா. அதனால நா போட்டியிலயே இல்ல. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்குங்க.”

சூப்பர்வைசர் சாருக்கு எங்கிருந்து பலம் வந்ததோ தெரியவில்லை. “யோவ்! நா எங்கப்பாவக் கூப்புட்டேன்! மில்லுல வேல செஞ்சாரு, கடைசி வரைக்கும் செங்கொடி புடிச்சாரு, அந்த மனுஷன!”

பாய் பணிவாகக் கேட்டார். “சார், அவரு தவறி ரொம்ப வருஷமாச்சுல்ல?”

“ஆச்சு. அதுக்கென்ன?”

“இல்ல... செத்தவங்களக் கூப்புட்டா ஒதவிக்கு வருவாங்கன்னு நம்பறீங்களான்னு கேட்டேன்.”

சார் கைக்குட்டையைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்துப் பிழிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நோன்பு முடியட்டும். ஒங்க மூணு பேருக்கும் பதில் சொல்றேன்” என்றார்.

வேலை முடிந்து கம்பெனி வேனில் ஏறினோம். பாய் வீட்டுத் தெருப் பள்ளிவாசலில் நோன்புக்கஞ்சி ஊற்றுவார்கள். நேரத்துக்கு அங்கே போய்ச் சேர்ந்து நால்வரும் குடிப்பதாகத் திட்டம். சார் ஜன்னலோரம் உட்கார்ந்து சூரியனை முறைத்துக்கொண்டே வந்தார். அது இறங்காமல் வேண்டுமென்றே நிற்கிறது என்றார்.

பாதி வழியில் வேன் நின்றது. எட்டிப் பார்த்தால் ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு டிராக்டர். மாசி மகத்துக்குப் புதுச்சேரிக் கடற்கரைக்குப் போய்த் தீர்த்தவாரி முடித்த சாமி ஒன்று ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. சீரியல் லைட், ஜெனரேட்டர், பம்பை, பின்னால் ஒரு பெரிய கூட்டம். பூ அலங்காரத்துக்கு நடுவில் வேலும் மயிலும் தெரிந்தன.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. “சார்! பாருங்க சார்! கூப்புட்டீங்க, வந்துட்டாரு!”

பிரெஞ்சக்கா கழுத்தை நீட்டிப் பார்த்தார். முருகனேதான். மறுக்க வழியில்லாமல், “கூப்புட்டு எவ்வளவு நேரமாச்சு? லேட்டா வந்திருக்காரு” என்றார்.

“டிராபிக்கு அக்கா” என்றேன்.

“டிராபிக்கே அவராலதான்மா!” என்று சார் முனகினார்.

வேன் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. டிரைவர் இறங்கிப் போய்ச் சாமி கும்பிட ஆரம்பித்துவிட்டார். பாய் போனில் நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். சூரியன் வயலுக்குப் பின்னால் இறங்கியது. போனிலிருந்து பாங்கு சத்தம் வந்ததும், பையிலிருந்து சின்ன டப்பா எடுத்து ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தார். சார் அதை வாங்கிய வேகத்தில் கொட்டையும் உள்ளே போயிருக்கும் என்று பயந்தேன். பிரெஞ்சக்கா மட்டும் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

“நா இனிப்ப விட்டிருக்கேனே. இது இனிப்புல்ல?”

“மரத்துல காய்க்குதுக்கா. பழம்” என்றார் பாய்.

“அல்வாக் கடையில வெச்சு வித்தாதான் இனிப்பு” என்றேன் நான்.

“சர்க்கர சேக்கல. விஞ்ஞானப்படி பழம்” என்றார் சார்.

மூன்று தரப்பும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். பிரெஞ்சக்கா மார்பில் சிலுவை போட்டுவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

ஆனால் ஒரு பேரீச்சம்பழம் சாரின் வயிற்றில் என்ன செய்யும்? அந்த நேரம் பார்த்து ஊர்வலத்தோடு வந்த ஒரு அம்மா, ஆள் தூக்கிவந்த குண்டானிலிருந்து தொன்னை தொன்னையாகப் புளிசாதம் எடுத்து வேன் ஜன்னலில் நீட்டினார். நல்லெண்ணெய் வாசனை, வறுத்த வேர்க்கடலை. சாரின் கை நீண்டது. பாதியில் நின்றது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பிரசாதம் தொட்டதில்லை என்று பெருமை பேசுகிறவர். பாயும் கையை மடியில் வைத்துக்கொண்டு, “நீங்க சாப்புடுங்கக்கா, எனக்குத் தண்ணியே போதும்” என்று சிரித்தார். சாமிக்குப் படைத்ததை அவர் சாப்பிட மாட்டார். அது எங்களுக்கும் தெரியும், யாரும் வற்புறுத்தியதில்லை.

சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஏம்மா, ஒரு சந்தேகம். இது சாமிக்குப் படைச்சதா, படைக்காததா?”

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். கருப்புச் சட்டையைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. “நீங்க மாலையா சாமி? பயப்படாதீங்க, வெங்காயம் பூண்டு எதுவும் போடல, சுத்தமா ஆக்கினதுதான்.”

“அதில்லம்மா. படைச்சதா?”

“படைச்சது முன்னாடி வண்டியில இருக்கு சாமி. இது கூட நடந்து வர்ற ஜனங்களுக்குன்னு தனியா ஆக்கினது. ஒங்களுக்குப் படைச்சதுதான் வேணும்னா சொல்லுங்க, வாங்கியாறேன்.”

“வேணாம், வேணாம்! இதுவே போதும்!” என்று சார் இரண்டு கையாலும் வாங்கினார். பாய் எட்டிப் பார்த்து, “படைக்கலியா? அப்போ எனக்கும் ஒண்ணு குடுங்கம்மா” என்றார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கருப்புச் சட்டைச் சாமியும் படைத்தது வேண்டாம் என்கிறார், பாயும் வேண்டாம் என்கிறார், ஆனால் இருவரும் தொன்னைக்குக் கை நீட்டுகிறார்கள். பிரெஞ்சக்கா தன் தொன்னையை வாங்கிக்கொண்டு வாய் தவறி, “மெர்சி” என்றார்.

“இல்லம்மா, மிச்சர் கெடையாது, புளிசாதம்தான்” என்றார் அந்த அம்மா.

நான் மதியத்திலிருந்து மூடியே வைத்திருந்த நெத்திலியை அப்போதுதான் திறந்தேன். முருகனுக்குப் பின்னால் வந்த கூட்டம் பார்த்துவிடக் கூடாதென்று ஜன்னலை மட்டும் மூடிக்கொண்டோம். வெள்ளிக்கிழமையானாலும் பிரெஞ்சக்காவுக்கு மீனில் தடை இல்லை. பாய் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். சார் எவ்வளவு எடுத்தார் என்று சொல்ல மாட்டேன். சாப்பிட்டு முடித்ததும், “சோதனை வெற்றி. சாமி இல்லாமலே இருந்து காட்டிட்டேன்” என்றார். வெளியே பம்பை அடித்த சத்தத்தில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. டிராக்டர் நகர்ந்தது. டிரைவர் நெற்றி நிறைய விபூதியோடு வந்து ஏறினார். ஊருக்குள் நாங்கள் போய்ச் சேரும்போது பள்ளிவாசலில் கஞ்சி தீர்ந்துபோயிருந்தது.

சனிக்கிழமை சூப்பர்வைசர் சார் வேலைக்குத் தாமதமாக வந்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. எங்களுக்குப் பகீரென்றது. பாய்க்குத்தான் ரொம்பக் கலக்கம். தன் நோன்பால் மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார்.

“ஒண்ணுமில்ல” என்றார் சார், யார் முகத்தையும் பார்க்காமல். “எங்க வீட்ல வெள்ளிக்கெழமன்னா அம்மனுக்கு வெரதம் இருப்பா. கல்யாணமான நாள்லேர்ந்து இருக்கா. நானும் அதக் கேலி பண்ணிகினே இருப்பேன். நேத்து வீட்டுக்குப் போனனா, சும்மா ஒரு வார்த்த கேட்டேன்.”

“என்னான்னு?”

“‘ஒனக்குப் பசிக்காதா?’ன்னு.”

“அதுக்கு?”

“கரண்டியக் கீழ வெச்சுட்டா. என்னையே பாத்தா. கிட்ட வந்து நெத்தியில கைய வெச்சுப் பாத்தா. ‘ஒங்களுக்கு என்னாங்க பண்ணுது?’ன்னு கேட்டு அழ ஆரம்பிச்சுட்டா. இத்தன வருஷம் கேக்காத கேள்விய இப்பக் கேட்டா ஒடம்புல ஏதோ இருக்குதுன்னு அர்த்தமாம். விடிஞ்சதும் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துகினு போயி, சுகர், பிரஷர், கொழுப்புன்னு எல்லாத்துக்கும் ரத்தம் எடுக்க வெச்சுட்டா.”

“ரிசல்ட் வந்துதா சார்?” என்றார் பிரெஞ்சக்கா.

“வந்துது. எல்லாம் நார்மல்.”

“அப்பறம் என்ன?”

“அவ நம்பல” என்றார் சார். “வேற எடத்துல இன்னொரு தடவ பாக்கணுங்கறா.”